சீட்டுக்கு அடியில் போன நம்பர் பிளேட்

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. திண்டுக்கல்லில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் 2021 மாடல் 200 சி.சி. பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய ஓனர் பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக 'டெயில் டைடி' என்கிற குட்டையான பிளேட் தாங்கியை மாட்டியிருந்தார். அதனால் நம்பர் பிளேட் சின்னதாக, சீட்டுக்கு அடியில் படுத்த மாதிரி இருக்கும். முன்பக்கம் வைசரில் ஸ்டிக்கர் நம்பர்தான். கம்பெனி கொடுத்த இரண்டு பிளேட்டையும் ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். கொடைக்கானல் போகும் வழியில் போலீஸ் நிறுத்தி 500 ரூபாய் ஃபைன் போட்டார்கள். "நம்பர் சரியாகத்தானே இருக்கிறது, அளவும் இடமும் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். "கோர்ட்டில் போய்க் கேள்" என்றார்கள். ஆன்லைனில் வெளிப்படையாக விற்கிற பொருளை மாட்டினால் எப்படித் தப்பாகும்? ஃபைன்தான் கட்டியாகிவிட்டதே, இனி இப்படியே ஓட்டலாமா? நம்பரைத் தமிழில் எழுதிக்கொள்ளலாமா?

— வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ரோட்டிலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வார்களே, அந்த வேலை. அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 50-வது விதி நம்பர் பிளேட் எப்படி இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 51-வது விதி எழுத்தின் அளவைச் சொல்கிறது. இந்த இரண்டையும் படித்தாலே உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

அளவை முதலில் பார்ப்போம். பைக்கின் பின்பக்கம் எழுத்துகள் 35 மி.மீ. உயரம், எண்கள் 40 மி.மீ. உயரம். கோட்டின் தடிமன் 7 மி.மீ., ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி. முன்பக்கம் எழுத்து, எண் இரண்டுமே 30 மி.மீ. உயரம், தடிமனும் இடைவெளியும் 5 மி.மீ. 70 சி.சி.க்குக் குறைந்த சின்ன வண்டிகளுக்கு மட்டும் முன்பக்கம் 15 மி.மீ. போதும். உங்களுடையது 200 சி.சி., அந்தச் சலுகை கிடையாது.

பின் பிளேட்டில் நம்பர் இரண்டு வரியாக இருக்க வேண்டும். மாநில எழுத்தும் ஆர்.டி.ஓ. எண்ணும், அதாவது உங்கள் ஊருக்கு டி.என். 57, மேல் வரி. மிச்சம் கீழ் வரி. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் வரிக்கு எண்ணின் உயரத்தையே வைத்தால் 40, கீழ் வரிக்கு 40, ஆக 80 மி.மீ. போய்விடுகிறது. மேலும் கீழும் ஓரத்துக்கும், இரண்டு வரிக்கும் நடுவிலும் கொஞ்சம் இடம் வேண்டும். அதனால்தான் பின் பிளேட் 200 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் என்று வைத்திருக்கிறார்கள். ஓர் உள்ளங்கை அளவு பிளேட்டில் இந்த எழுத்து அடங்கவே அடங்காது. ஸ்டிக்கர் கடைக்காரர் சின்ன பிளேட் வெட்டித் தருகிறார் என்றால் எழுத்தைச் சுருக்கிவிட்டார் என்று அர்த்தம். உங்கள் பிளேட்டில் நம்பர் சரியாக இருக்கலாம், அளவு சரியாக இருக்க வழியில்லை. ஸ்கேல் வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

முன்பக்கத்துக்கு 285 மி.மீ. நீளம், 45 மி.மீ. உயரம். அங்கே ஒரே வரி போதும். எங்கே மாட்டுவது என்பதற்கும் விதி இருக்கிறது: ஹேண்டில்பாருக்கு இணையாக, முன்னால் பார்த்த மாதிரி. இதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு. பழைய புல்லட், ஜாவா வண்டிகளில் முன் மட்கார்டின் மேல் பிறை நிலா மாதிரி ஒரு தகடு நீளவாக்கில் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதில் நம்பர் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கும். எதிரே வருபவருக்குத் தெரிவது தகட்டின் விளிம்பு மட்டும்தான். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான், வண்டியின் நீளவாக்கில் வைப்பதற்குப் பதிலாக ஹேண்டில்பாருக்கு இணையாக வையுங்கள் என்று விதியிலேயே எழுதினார்கள். இன்றைக்கும் சிலர் அழகுக்காக அந்தப் பிறைத் தகட்டைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். அதையும் மாட்டி, விதிப்படி முன்பக்கம் பார்க்கும் பிளேட்டையும் மாட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

உங்கள் வண்டியில் அளவை விட இடம்தான் பெரிய பிரச்சினை. சீட்டுக்கு அடியில் படுத்த பிளேட்டை நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும். விதி கேட்பது தெளிவாகவும் படிக்கும்படியும் இருக்க வேண்டும் என்பதை. இரவுக்குத் தனியாக 105-வது விதி இருக்கிறது: பின் நம்பர் முழுவதும் வெள்ளை விளக்கொளியில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். கம்பெனி மட்கார்டில் பிளேட்டுக்கு மேலே ஒரு குட்டி பல்ப் இருக்கும். டெயில் டைடி மாட்டும்போது பெரும்பாலும் முதலில் போவது அதுதான். ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி தெருவில் வண்டியை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். நண்பர் ஒருவரை இருபது எட்டு பின்னால் நிற்கச் சொல்லுங்கள். டார்ச் அடிக்காமல் அவர் நம்பரைப் படித்துச் சொல்லட்டும். அவரால் முடியவில்லை என்றால், போலீஸ் நிறுத்தியது சரிதான்.

நான் ஏன் இடத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. விபத்து நடந்தால் வண்டியில் இயந்திரக் கோளாறு இருந்ததா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. ஒரு நாள் அப்படி ஒரு லாரியைப் பார்க்க ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா பஸ் ஸ்டாப்பில் பூ விற்பவர். முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் அந்த அம்மா. சாட்சி இல்லாமல் இல்லை. டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார், ஓர் ஆட்டோக்காரர் கொஞ்ச தூரம் துரத்தியும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் வண்டியின் நிறம் தெரியும், பையனின் சட்டை தெரியும். நம்பர் மட்டும் தெரியவில்லை. "பிளேட் சீட்டுக்குக் கீழே மடங்கிக் கிடந்துச்சு சார்" என்றார் ஆட்டோக்காரர். அந்த வண்டி கிடைக்கவே இல்லை.

இதில் பணக் கணக்கு என்ன என்பது பலருக்குத் தெரியாது. நம்பர் தெரிந்திருந்தால் அந்த அம்மா மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டி இடித்து அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் காப்பீடு, கட்டாயம். மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்கள், நிரந்தர ஊனம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத் தீர்ப்பாயம் தொகை சொல்லும். நம்பர் தெரியாவிட்டால் இடித்துவிட்டு ஓடிய விபத்து என்ற வகையில் ஒரு நிலையான தொகை மட்டும்தான். அப்போது படுகாயத்துக்கு 12,500 ரூபாய், உயிர் போனால் 25,000. 2022 ஏப்ரல் 1 முதல் அதை 50,000, 2 லட்சம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு 50,000 எந்த மூலைக்கு? ஒரு மட்கார்டு இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதையே வேறு. நம்பர் பிளேட் போலீசுக்காக மாட்டுவது என்று பையன்கள் நினைக்கிறார்கள். ரோட்டில் விழுந்து கிடக்கிறவருக்கும், இரண்டு நொடி மட்டும் பார்க்கக் கிடைக்கிற சாட்சிக்கும்தான் அது முக்கியமாக வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் வேண்டுமென்றே ஓடுவதற்காக அந்த பிளேட்டை மாட்டியிருக்க மாட்டான். நீங்கள் வாங்கின மாதிரி அவனும் அப்படியே வாங்கியிருக்கலாம்.

சரி, ஆன்லைனில் விற்கிறார்களே என்ற கேள்விக்கு வருவோம். விற்பது ஒன்று, பொது ரோட்டில் ஓட்டுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி ஓனர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாக மாற்றம் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் வழக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஹேண்டில் கிரிப் மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பின் மட்கார்டு அப்படிப்பட்ட சாமான் இல்லை. 123-வது விதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற மாதிரி ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவரின் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான். நம் ஊரில் துப்பட்டா சிக்கி விழுந்தவர்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெயில் டைடி மாட்டியதில் நம்பர் பிளேட் மட்டும் போகவில்லை. இந்தத் தடுப்பு, நம்பர் விளக்கு, பல வண்டிகளில் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் சேர்ந்து போகின்றன. மழை நாளில் சேறு உங்கள் முதுகிலேயே அடிக்கும், அது வேறு.

அடுத்தது, இதைவிடக் கனமான விஷயம். 2019 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து வரும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதாவது எச்.எஸ்.ஆர்.பி., கட்டாயம். உங்கள் 2021 வண்டி அதில் வருகிறது. கவரில் வந்த அந்த இரண்டு பிளேட்டையும் எடுத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் நீல நிறத்தில் ஐ.என்.டி. என்று இருக்கும். மேலே அசோகச் சக்கரம் உள்ள 20 மி.மீ. ஹாலோகிராம். லேசரில் பொறித்த ஒரு எண். எழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் அதன் மேலேயே இந்தியா என்று ஆங்கிலத்தில் குறுக்காக ஓடுவது தெரியும். வண்டியில் இருக்க வேண்டிய பிளேட் இதுதான். ஸ்டிக்கர் கடைக்காரர் எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாலும், அளவே சரியாக இருந்தாலும், உங்கள் வண்டிக்கு அது செல்லாது. பின் பிளேட்டை ஒரு தடவை அடித்தால் திரும்பக் கழற்ற முடியாத பூட்டு ரிவெட் போட்டு மாட்டியிருப்பார்கள். முந்தைய ஓனர் அதை உடைத்துத்தான் கழற்றியிருக்கிறார்.

உடைத்ததை ஒட்டுவதற்கு வழி இருக்கிறது. கம்பெனி பின் மட்கார்டு ஸ்பேராகக் கிடைக்கும், நம்பர் விளக்கோடு வாங்குங்கள். முந்தைய ஓனரையும் கேட்டுப் பாருங்கள், பழையதை வீட்டில் போட்டு வைத்திருக்க வாய்ப்பு உண்டு. மாட்டிய பிறகு வண்டியையும் பிளேட்டுகளையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி டீலரிடம் போய், புதுப் பூட்டு ரிவெட் போட்டு மாட்டித் தரச் சொல்லுங்கள். சாதாரண நட்டு போல்ட் போடாதீர்கள். பிளேட் வளைந்தோ எழுத்து உரிந்தோ இருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தவும் வேண்டாம், டீலர் வழியாகப் புதிது கேளுங்கள். ஐ.என்.டி. என்று போட்டு அச்சு அசலாகச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அரசாங்க அடையாளத்தைப் போலியாகச் செய்த பிளேட்டோடு பிடிபட்டால் ஃபைனோடு முடியாது, மோசடி வழக்கு வரை போகும்.

ஃபைன் கட்டிவிட்டதால் அப்படியே ஓட்டலாமா என்றால், ஓட்டக் கூடாது. நீங்கள் கட்டியது அன்றைய தவறுக்கு. உங்களுக்குப் போட்டது 177-வது பிரிவாக இருக்கும். முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவையிலிருந்து 1,500 வரை. இது மென்மையான பிரிவு. 39-வது பிரிவு, பதிவு எண்ணை விதிப்படி காட்டாத வண்டியை ஓட்டவே கூடாது என்கிறது. அதை மீறினால் 192-வது பிரிவு. முதல் தடவைக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை. இரண்டாம் தடவை 5,000-லிருந்து 10,000 வரை, ஓர் ஆண்டு வரை சிறையும் உண்டு. 39-ஐ மீறிய வண்டியைப் பறிமுதல் செய்து நிறுத்தி வைக்க 207-வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. வண்டியை மாற்றியதற்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த 500 ரூபாயைப் பெரிய தண்டனையாக எண்ணி வருத்தப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழில் எழுதும் ஆசை எனக்குப் புரிகிறது. நானும் தமிழில் கையெழுத்துப் போடுகிறவன். ஆனால் விதியில் எழுத்து ஆங்கிலத்தில், எண் இப்போது நாம் எழுதும் 1, 2, 3 வடிவத்தில் என்று தெளிவாக இருக்கிறது. வெளி மாநிலத்தில் வண்டி ஓடினாலும் அங்கே இருப்பவரும், கேமராவும் படிக்க வேண்டும் என்பதுதான் காரணம். தமிழ் மேல் உள்ள பிரியத்தைப் பெட்ரோல் டேங்கில் நல்ல எழுத்தில் எழுதிக் காட்டுங்கள், பிளேட்டில் வேண்டாம்.

பிளேட்டில் வேறு எதுவுமே வேண்டாம். கட்சிக்கொடி, நடிகர் படம், ஊர்ப் பெயர், குலசாமி துணை, எதுவும். 8055 என்ற நம்பரை ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கும்படி வளைத்து எழுதுவதும் இதில் அடங்கும். சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2024 மே மாதம் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ரோட்டில் பாருங்கள். பாதி வண்டிகளில் நம்பர் மேலேயே சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருக்கும். 3 எது, 8 எது என்று தெரியாது. கேமரா தப்பாகப் படித்தால் யாரோ செய்த தவறுக்கு யாருக்கோ சலான் போகும். பொட்டை ஹெட்லைட்டுக்கு மேலே வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. எலுமிச்சை மிளகாயையும் பிளேட்டுக்கு முன்னால் தொங்கவிடாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. போன மாதம்தான் வாங்கினேன் என்கிறீர்கள். அந்த 500 ரூபாய் சலானை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். முந்தைய ஓனர் பெயர் இருந்தால், ஆர்.சி. இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்று பொருள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்கிறது. விற்றவருக்கு 14 நாள்தான். படிவம் 29, 30 இரண்டிலும் அவருடைய கையெழுத்தை உடனே வாங்கி விண்ணப்பித்துவிடுங்கள். காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள், அதற்கும் கெடு 14 நாள், இந்நேரம் கடந்திருக்கும். கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் நாளைக்கே எழுதுங்கள். மட்கார்டு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதுவரை கொடைக்கானல் பக்கம் வண்டியை எடுக்க வேண்டாம்.